மக்கா, சோளம்

போன வாரம் ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம், தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கடன் வேண்டுமா என்று கேட்கிற பெண்ணாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். இப்போதெல்லாம் என்னை மறக்காமல் கூப்பிடுகிறவர்கள் அவர்கள்தான்.

"அண்ணாச்சி, நீங்க மக்காச்சோளம் அடிக்குத மிஷின் வச்சிருந்தியளா?" என்றது ஓர் ஆண் குரல்.

பேசியவர் திருவேங்கடம் பக்கத்து விவசாயி. பழைய மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறார். மூன்றாவது கையா நான்காவது கையா என்று அவருக்கே தெரியவில்லை. உள்ளே சல்லடைக் கம்பிகள் தேய்ந்து இரண்டு ஒடிந்துவிட்டன. புதுக் கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பது அவருக்கும் தெரியவில்லை, பட்டறைக்காரருக்கும் தெரியவில்லை. முன்னால் வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியுமே என்று நினைத்திருக்கிறார்.

"என் நம்பரு ஒமக்கு எப்படிக் கெடச்சுது?" என்றேன்.

"மிஷின் பக்கவாட்டுல ஒரு நம்பரு எழுதிருக்கு அண்ணாச்சி. அதுக்கு அடிச்சேன், உபயோகத்துல இல்லங்கு. அதுக்குக் கீழ இன்னொரு நம்பரு. அது மேல பெயிண்ட அடிச்சு அழிச்சிருக்கு. வெயில்ல மேல்பூச்சு உரிஞ்சு, அடியில உள்ளது மசங்கலாத் தெரியுது. நெகத்தால சொரண்டிச் சொரண்டிப் பாத்து அடிச்சேன். நீங்க எடுத்துட்டிய."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன்.

"பெறவு அண்ணாச்சி, மிஷின்ல பெருசா ‘மக்கா’ன்னு எழுதிருக்கே, அது ஆரு பேரு?"

"பேரு இல்ல. எடைவெளி எனக்கு மறந்துபோச்சு. கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்று போனை வைத்தேன். மறந்துபோகவெல்லாம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை.

உங்களுக்கு மக்காச்சோளத் தூசியின் வாசனை தெரியுமா? அவித்து மிளகாய்ப்பொடி தூவி விற்கிறார்களே, அந்த வாசனை இல்லை. காய்ந்த கதிரை மிஷினில் போடும்போது கிளம்புகிற தூசிக்குத் தனி வாசனை. கொஞ்சம் இனிப்பாக இருக்கும், மூக்கை அறுக்கும், சட்டையில் ஏறினால் இரண்டு துவைப்புக்குப் போகாது. போனை வைத்த பிறகு கடைக்குள் எனக்கு அந்த வாசனை அடித்தது. என் கடையில் இருப்பது கிரீஸும் ரப்பர் பெல்ட்டும்தான். வாசனை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள்.

அந்த மிஷின் எங்களிடம் வந்த காலத்தில் எனக்குச் சொந்தக் கடை கிடையாது. இதே திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு முதலாளியிடம் பேரிங், பெல்ட் விற்கிற வேலை. ‘சிக்ஸ் டூ நாட் ஃபைவ்’ என்று ஒருவர் கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி எடுத்துக் கொடுப்பேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் எல்லோரும் எனக்கு மிஷின் தெரியும் என்று நம்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது நம்பர் மட்டும்தான். நானும் அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

அக்கா தமிழ் டீச்சர். மானூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அத்தான் மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். பெட்டியைத் திறந்தால் சோப்பும் பவுடரும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், தெருவே வந்து நிற்கும். அது வற்றுவதற்குள் அவர் திரும்பிப் போயிருப்பார். பெட்டி மட்டும் பரணில் ஏறும். அக்கா அந்த சோப்பைத் தேய்த்துக் கரைக்க மாட்டாள். சேலைக்கு நடுவில் வைத்துவிடுவாள்.

அத்தானுக்குச் சொந்த ஊர் கூடங்குளம் பக்கம். அந்தப் பக்கத்தில் ‘மக்கா’ என்றால் தம்பி, கூட்டாளி, பிள்ளை எல்லாம்தான். பாசம் வந்தால் மக்கா, கோபம் வந்தால் மக்கா. நாங்களும் சொல்வோம். ஆனால் அத்தான் அளவுக்குக் கிடையாது. கண்டக்டர் மக்கா, காய்கறிக்காரர் மக்கா, பாம்பு வந்தாலும் "போ மக்கா" என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுத்த குருவானவரிடம் "வாறேன் மக்கா" என்று சொல்லிவிட்டார். அக்கா வீடு வந்து சேரும்வரை பேசவில்லை. குருவானவர் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

நான் சொல்கிற வருஷம் அத்தான் நீண்ட லீவில் வந்திருந்தார். திரும்பிப் போகிற டிக்கெட் பீரோவில் இருந்தது. இந்தத் தடவை போய்வந்தால் மாடி கட்டி முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. மாடிக்குத் தூண் கம்பிகள் மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றன. ஜன்னல்களுக்குக் கம்பி வாங்கி மூலையில் அடுக்கியாகிவிட்டது. அக்கா அந்த மாடியைப் பற்றிப் பேசவே மாட்டாள். அவள் கணக்கு வேறு. இந்தத் தடவை அத்தான் போகக்கூடாது.

அதை அவள் அழுது சொல்கிறவள் இல்லை. பஸ் ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்து ஒருநாள் சொன்னாள்: "மானூர்ப் பக்கம் பூரா மக்காச்சோளம் போட்டிருக்காவ. ஆத்துப் பாசனம் இல்லாத காடெல்லாம் இப்ப அதான். போன வருசம் அறுத்த கதிர ரோட்டோரத்துல அம்பாரமாப் போட்டுட்டு, வடக்க இருந்து மிஷின் வரும் வரும்னு காத்துக் கெடந்தாவ. மழைல பாதி முளைச்சுப் போச்சு. நம்மளே ஒரு மிஷின் வாங்குனா என்ன?"

"ஆரு ஓட்டுவா?" என்றார் அத்தான்.

"டிரெய்லர் ஓட்டுதவுகளுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாதாக்கும்?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பேரிங் கடை நிபுணர் இல்லையா, தலையை ஆட்டினேன். ஒரு சீசன் ஓட்டிப் பார்ப்பது, ஓடினால் இருப்பது, ஓடாவிட்டால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று பேச்சு முடிந்தது. புது மிஷினுக்கு வழியில்லை, பழையதுதான் பார்க்க வேண்டும்.

கோவில்பட்டிக்கு வடக்கே ஒரு தரகர் இருக்கிறார், பழைய மிஷின் எது எங்கே கிடக்கிறது என்று எல்லாம் தெரிந்தவர் என்று கடைக்கு வந்த ஒருவர் நம்பர் கொடுத்தார். பட்டன் போன் காலம். அத்தான் முற்றத்தில் நின்று சத்தமாகப் பேசினார். "என்ன மக்கா, சொகமா? திருநெல்வேலில இருந்து பேசுதேன் மக்கா. மக்காச்சோளம் அடிக்க மிஷின் ஒண்ணு வேணும். பழசுதான் மக்கா, நல்லதாப் பாரு." மிஷின் ஒன்று இருக்கிறது என்று அந்த முனையிலிருந்து பதில் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன், அக்காவும் கேட்டாள். மூன்று பேருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

மிஷின் ஒரு கருவேல மரத்தடியில் கிடந்தது. இரும்புப் பெட்டி, நடுவில் பல் பல்லாக வைத்த உருளை, அதற்குக் கீழே வளைந்த சல்லடை, பக்கத்தில் காற்றாடி, இரண்டு சக்கரம். டிராக்டரைப் பின்னால் நிறுத்தி பெல்ட் மாட்டினால் உருளை சுற்றும். மணி சல்லடை வழியாகக் கீழே விழும், சக்கை வெளியே பறக்கும். அவ்வளவுதான் வித்தை. பழைய மிஷினை விற்கிறவர்கள் எல்லோரும் சொல்கிற மூன்று பொய்களையும் தரகர் சொன்னார். ஒரே சீசன்தான் ஓடியது, வீட்டில் ஒரு கல்யாணம் என்பதால் விற்கிறார்கள், நேற்றுகூட ஒருவர் கேட்டுப் போனார். உருளைக்குள் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நேற்று வந்தவர் கோழியைப் பார்க்க வந்திருப்பார்.

அத்தான் பெல்ட் மாட்டுகிற கப்பியைக் கையால் சுற்றிக் காதை வைத்துக் கேட்டார். நான் பேரிங்கைத் துடைத்து நம்பர் பார்த்தேன். "சோளத்த அள்ளிப் போட்டா பிச்சு எறிஞ்சிரும்" என்றார் தரகர். சோளம் என்றுதான் அவர் சொன்னார், நாங்களும் சோளம் என்றுதான் பேசினோம். எங்கள் பக்கத்தில் யார் இப்போது நாட்டுச் சோளம் போடுகிறார்கள்? கோழியை இறக்கிவிட்டு, வாடகைக்குப் பிடித்த டிராக்டரில் கட்டி, பைபாஸ் ரோட்டில் லாரிக்காரர்களிடம் வசவு வாங்கிக்கொண்டே பைய இழுத்துவந்தோம். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அத்தான் முகம் முழுக்கப் புழுதி, பல் மட்டும் தெரிந்தது. மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கும்போதுகூட அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பேரிங்கெல்லாம் மாற்றினோம். அது என் உபயம், முதலாளி விலையைக் குறைத்தார். கிரீஸ் வைத்தோம். மானூரிலிருந்து சில மூட்டை கதிர் வாங்கி வந்து வீட்டுக்குப் பின்னால் வெள்ளோட்டம் விட்டோம். அத்தான் ஒரு கூடைக் கதிரை உள்ளே தட்டினார். மிஷின் ஊளையிட்டது. மேலே தூசி, கீழே மணி வரவில்லை. எட்டிப் பார்த்தால் உள்ளே அடைத்துக்கொண்டு அரைபடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துச் சல்லடைக்குக் கீழே மஞ்சளாக விழுந்தது. அத்தான் ஆசையாக இரண்டு கையிலும் ஏந்தினார். ரவை. நல்ல பருவட்டான ரவை, நடுவில் மாவு. அக்கா அதை முறத்தில் வாங்கிப் புடைத்துப் பார்த்தாள்.

"உப்புமாக்கு ஆகும்" என்றாள்.

அன்றைக்கே தரகருக்குப் போன் போட்டார் அத்தான். அக்கா வாங்கி ஸ்பீக்கரில் வைத்தாள். தரகர் கொஞ்சமும் கலங்கவில்லை. "நீங்க என்னண்ணாச்சி கேட்டிய? சோளம் அடிக்க மிஷின் கேட்டிய. அது சோளம் அடிக்குத மிஷின்தானே. சல்லடை ஓட்டையெல்லாம் பொடிசா இருக்கும்லா. அதுல கொண்டு மக்காச்சோளத்த ஆராச்சும் போடுவாவளா?"

"மக்காச்சோளம்னுதானய்யா கேட்டேன்" என்றார் அத்தான்.

"நீங்க வார்த்தைக்கு வார்த்த மக்கா மக்கான்னிய. ‘மக்கா, சோளம் அடிக்க மிஷின் வேணும்’னு கேட்டிய. என்னத்தான் பாசமாக் கூப்பிடுதிய போலன்னு நெனச்சேன்."

எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அக்கா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். போனை வைத்தபின் அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு ‘ச்’."

"நான் ‘ச்’ போட்டுத்தான் சொன்னேன் டீச்சரம்மா" என்றார் அத்தான். பெண்டாட்டியை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"போட்டிருந்தா அவன் காதுல விழுந்திருக்கும்லா. சந்தி எங்க மிகும், எங்க மிகாதுன்னு பிள்ளைகளுக்கு நாயா கத்துதேன். என் வீட்டுக்குள்ளயே ஒரு ‘ச்’ போயிட்டு."

அத்தான் ‘ச்’சை விழுங்கினாரா, தரகர் அதைக் கேட்காமல் விட்டாரா என்பது எங்கள் குடும்பத்தில் கடைசிவரை தீராத வழக்கு. கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடினால் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார். இரண்டு கட்சி ஆகிவிடும். நான் அத்தான் கட்சி. ஆனால் அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமாக இல்லை. ஒரு வாரம் காலையில் அந்த மஞ்சள் ரவை உப்புமாதான். மூன்றாம் நாள் உப்புமாவைப் பிசைந்துகொண்டே அத்தான் சொன்னார்: "விட்ரு டீச்சரம்மா. தலைல எழுதுனது. நான் ஒரே ஒரு தடவ போயிட்டு வந்துருதேன். மாடி வேல முடிஞ்சிரும்லா."

"மாடி நான் கேட்டனா?" என்றாள் அக்கா.

"பெறவு?"

"ஒங்களத்தான் கேக்கேன்."

தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உப்புமாவைப் பார்த்தேன். அத்தானும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை. அக்கா மொட்டை மாடிக்குப் போனாள். கீழே வரும்போது தோளில் ஒரு கட்டுக் கம்பி. மாடி ஜன்னல்களுக்காக வாங்கி அடுக்கியிருந்த கம்பி. அதைக் கொண்டுபோய் மிஷின் பக்கத்தில் சத்தம் வரும்படி போட்டாள். "ஓட்டைச் சல்லடையக் கழத்திப் போட்டுட்டு, இந்தக் கம்பிய வரிசையா வச்சு வேற ஒண்ணு செய்ய முடியாதா? என்னலே, நீதான மிஷின் தெரிஞ்சவன்?"

முடியும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. நம்பர் தவிர வேறு ஒன்று என் மண்டையில் ஓடியது அன்றைக்குத்தான். உருளை வேகமும் அதிகம், அதனால்தான் மணி உடைகிறது, கப்பியைப் பெரிதாக மாற்றினால் வேகம் குறையும் என்றும் சொன்னேன். அத்தான் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத அறுத்துட்டா ஜன்னலுக்கு என்ன செய்வ?" என்றார். "ஜன்னலு இல்லாத மாடிக்கு ஆரு போவா? மாடியே வேண்டாம்ங்கேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் கம்பியைத் தூக்கினாள். அத்தான் மற்ற முனையைப் பிடித்துக்கொண்டார்.

தெருமுனையில் செல்லையா அண்ணனின் வெல்டிங் பட்டறை. அவர் இரும்புக் கதவும் ஜன்னல் கிரில்லும் செய்கிறவர். இதைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். கம்பியை அறுத்து, உருளை வளைவுக்குத் தக்கபடி சட்டத்தில் வரிசையாகப் பற்றவைக்க வேண்டும். "எடைவெளி எம்புட்டு விடணும்?" என்று கேட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். அக்கா ஒரு கதிரிலிருந்து நல்ல தடித்த மணியாகப் பார்த்து உதிர்த்து, தன் சுண்டுவிரல் நுனியில் வைத்துப் பார்த்தாள். விரல் மணியைவிடக் கொஞ்சம் பெரிசு.

"விரலு நொழைஞ்சா மணி விழுந்துரும். சக்கை விழாது. இதான் அளவு" என்றாள்.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அக்கா உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு கம்பியை வைக்கும்போதும் சுண்டுவிரலை நடுவில் விட்டுப் பார்ப்பாள், சரி என்பாள், விரலை எடுப்பாள், செல்லையா அண்ணன் வெல்டிங் பொட்டு வைப்பார். "டீச்சர், வெரல எடுத்துட்டியளா? பொறி விழுந்துரும். எடுத்துட்டேன்னு வாயத் தொறந்து சொல்லுங்க" என்று ஒவ்வொரு கம்பிக்கும் கெஞ்சினார். கறுப்புக் கண்ணாடி மாட்டினால் அவருக்கு ஒன்றும் தெரியாது. எடுத்தாச்சு, எடுத்தாச்சு என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். அத்தான் கொஞ்சம் தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் யாரையும் மக்கா என்று கூப்பிட்ட ஞாபகம் இல்லை.

இரண்டாவது வெள்ளோட்டத்தில் முதல் கூடை உள்ளே போனதும் சத்தம் மாறியது. ஊளை இல்லை, படபடவென்று ஓட்டின் மேல் மழை விழுகிற சத்தம். கீழே மணி கொட்டியது. முழு மணி. சக்கை பின்பக்கம் பறந்து பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள் விழுந்தது. அக்கா ஒரு பிடி அள்ளி, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். உடைந்தது ஒன்றிரண்டுதான். "ஓடிரும் மக்கா" என்றார் அத்தான். அவர் சொன்னது என்னிடமா, அக்காவிடமா, மிஷினிடமா தெரியாது.

வேலைக்கு இறக்கும் முன் பெயிண்ட் அடித்து எழுத்து எழுத வேண்டுமே. பெயிண்டர் வந்து முதலில் பச்சை அடித்தார். முகப்பில் ‘எபெனேசர்’ என்று எழுதினார். ‘இம்மட்டும் கர்த்தர் உதவினார்’ என்கிற வேத வார்த்தை, அது அக்காவின் விருப்பம். பக்கவாட்டில் ‘மக்கா’ என்று பெரிசாக எழுதச் சொன்னது நான். அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குக் கீழே போன் நம்பர். மிஷின் வேண்டுகிறவர்கள் பார்த்துக் கூப்பிட வேண்டும். "நம்பரு சொல்லுங்க" என்றார் பெயிண்டர். அத்தான் சட்டென்று என் நம்பரைச் சொன்னார்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஊர் ஊராகப் போகிற மிஷினில் என் நம்பர். பெயிண்டர் ஒவ்வொரு எழுத்தாக வளைத்து வளைத்து எழுத, நான் இடுப்பில் கைவைத்து நின்று ரசித்தேன். அப்போதுதான் அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். கையில் பையோடு நின்று மேலிருந்து வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் முகம் செத்துவிட்டது.

"இது தம்பி நம்பருல்லா?"

"அவன் கடைலதான இருப்பான். எப்ப அடிச்சாலும் எடுப்பான்" என்றார் அத்தான்.

"ஒங்க நம்பரு ஏன் போடல?"

அத்தான் துணியால் கையைத் துடைத்தார். துடைக்க ஒன்றுமில்லை. "என் நம்பரு லீவுக்கு வந்தா போடுத சிம்முதான. நாளப்பின்ன…" என்று நிறுத்திக்கொண்டார்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மிஷின் ஓடும் என்று அத்தானுக்குத் தெரியும். இருந்தும், ஊரில் இல்லாத ஓர் ஆளாகத் தன்னை நினைத்துத்தான் அவர் நம்பர் சொல்லியிருக்கிறார். போக வேண்டும் என்ற ஆசையில் இல்லை. இருந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் இந்த வீட்டுக்கு விருந்தாளி.

"அத அழிங்க" என்றாள் அக்கா பெயிண்டரிடம். பெயிண்டர் அத்தானைப் பார்த்தார். "அழிங்க. பச்சைப் பெயிண்ட ரெண்டு கோட்டு அடிங்க. மேல எடம் இருக்கு, அங்கன எழுதுங்க."

"நம்பரு சொல்லுங்க டீச்சர்."

"நான் சொல்ல மாட்டேன். அவுகளே சொல்லட்டும்."

பச்சைப் பெயிண்ட் என் நம்பர் மேல் ஏறியது. பெயிண்டர் பிரஷ்ஷைக் கழுவி, வெள்ளையில் தோய்த்துக் காத்து நின்றார். அத்தான் கைத்துணியை மடித்துத் தோளில் போட்டார். பிறகு சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு எண்ணாக. பெயிண்டர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதினார். பாதியில் அத்தானுக்கே நம்பர் மறந்துபோய், போனை எடுத்துப் பார்த்துச் சொன்னார். அக்கா பையைக் கீழே வைக்காமல் முடியும்வரை நின்றாள். பிறகு எல்லோருக்கும் காப்பி போடப் போனாள்.

அத்தான் போகவில்லை. டிக்கெட் வீணாகப் போனது. மானூர், கங்கைகொண்டான், சீவலப்பேரிக்கு மேற்கே மேட்டுக்காடு என்று சீசனுக்குச் சீசன் அந்த மிஷின் போகாத களம் இல்லை. "மக்கா வந்துட்டா?" என்று கேட்பார்கள். மிஷினைக் கேட்கிறார்களா, அத்தானைக் கேட்கிறார்களா என்று தெரியாது, இரண்டும் சேர்ந்துதான் வரும். அத்தான் சட்டையில் மஸ்கட் வாசனை போய் மக்காச்சோளத் தூசி ஏறியது. அக்கா சேலைக்கு நடுவில் இருந்த சோப்பையெல்லாம் எடுத்துத் தேய்த்துத் தீர்த்தாள். மாடி மட்டும் எழும்பவேயில்லை. தூண் கம்பிகளில் கொடி கட்டித் துணி காயப்போட்டாள்.

பிறகு பெரிய பெரிய மிஷின்கள் வந்துவிட்டன. காட்டுக்குள் இறங்கி நின்ற பயிரை அறுத்து, அங்கேயே மணியாக்கி லாரியில் கொட்டிவிட்டுப் போகின்றன. கதிரை ஒடித்துக் களத்துக்குக் கொண்டுவருகிற வேலையே இல்லை. எங்கள் மிஷினை ஒருவர் வந்து விலை பேசி இழுத்துப் போனார். அத்தான் தெருமுனைவரை பின்னாலேயே நடந்து போனார். இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. டிரைவரிடம், "பைய ஓட்டு மக்கா" என்றாராம்.

சரி, போன் விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். ரிட்டையர் ஆகிவிட்டாள். முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். திருவேங்கடத்துக்காரர் கேட்டதைச் சொன்னேன். சுண்டுவிரலை நீட்டிப் பார்த்தாள். கணு வீங்கி லேசாக வளைந்திருந்தது. "இப்ப இது உதவாது. நுனிய வச்சு அளக்கச் சொல்லு. பொம்பளை வெரலுன்னு சொல்லு, ஆம்பளை வெரல விட்டுப் பாத்துராம" என்றாள். கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: "அவனுக்கு ஒன் நம்பரு எப்படித் தெரியும்? அழிச்சதுல்லா அது?"

நான் சொன்னேன். மேலே உள்ள நம்பருக்கு முதலில் அடித்தார், உபயோகத்தில் இல்லை என்று வந்தது, அடியில் உள்ளதைச் சுரண்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்.

"உபயோகத்துல இல்லதான். நானும் அடிச்சுப் பாப்பேன்" என்றாள் அக்கா. அத்தான் போன பிறகு அந்த போனுக்குப் பணம் கட்டத் தோன்றவில்லை. தோன்றியபோது கம்பெனிக்காரன் நம்பரைப் பிடுங்கிக்கொண்டான். அதில் அவளுக்குத் தீராத வருத்தம் என்று எனக்குத் தெரியும். அடித்துப் பார்ப்பாள் என்று தெரியாது.

"ரெண்டு கோட்டு அடிக்கச் சொன்னேன். அந்தப் பெயிண்டரு ஒரு கோட்டோட விட்டுட்டான்" என்று கீரைக்குத் திரும்பினாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்: "அப்ப அவுக நம்பரு நல்லாத் தெரியுதாமா?"

"தெரியுதாம்."

"அவன்ட்ட சொல்லு. சல்லடையச் சரி பண்ணிக்கிடட்டும். பெயிண்டு மட்டும் அடிக்காண்டாம்னு சொல்லு."

அங்கேயே உட்கார்ந்து போன் போட்டேன். இடைவெளி சொன்னேன். அவருக்கு சந்தோஷம். பெயிண்ட் பற்றிக் கேட்டேன். "இப்பத்தான் அண்ணாச்சி அடிச்சு முடிச்சோம். ஒங்க நம்பர எடுத்தாச்சு, இனி பழைய எழுத்து என்னத்துக்குன்னு பூரா நீலத்த அடிச்சுட்டேன். பளபளன்னு இருக்கு. போட்டோ அனுப்பட்டா?" என்றார்.

என் போனில் பேசுவது பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். அக்கா முகத்தை நான் பார்க்கவில்லை. கையில் இருந்த கீரைத்தண்டு நின்றுவிட்டது. எங்கேயோ ஒரு களத்தில் வெயிலிலும் மழையிலும் நின்ற அந்த நம்பர் அன்று மத்தியானம்வரை இருந்திருக்கிறது. தெரியாமல் இருந்தவரை ஒன்றுமில்லை. தெரிந்த அன்றே போயிற்று.

"எத்தன கோட்டு அடிச்சானாம், கேளு" என்றாள் அக்கா.

கேட்டேன்.

"ஒரு கோட்டுதான் அண்ணாச்சி. பெயிண்டு அம்புட்டுதான் இருந்துது."

அக்கா மறுபடி கீரையை ஆய ஆரம்பித்தாள்.

"அப்பச் சரி. வெயில்ல கெடந்தா மேல வந்துரும்" என்றாள்.